மைக்ரோவேவில் பழைய கார்பனைப் புதுப்பிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைகளிலிருந்தும் ஆர்.ஓ. பிளான்ட் ஃபில்டர்களிலிருந்தும் கழித்துப் போட்ட தேங்காய்த் தொட்டி (சிரட்டை) கார்பன் எங்களிடம் மூட்டையாக வரும். தண்ணீரிலுள்ள சாயத்தையும் அழுக்கையும் தன் நுண்துளைகளில் பிடித்துவைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இது. அதை மைக்ரோவேவில் சூடேற்றி மறுபடி வேலைக்குக் கொண்டுவருவது மாணவர்களின் புராஜெக்ட். வருடா வருடம் மாணவர்கள் மாறுகிறார்கள், கோளாறுகள் மட்டும் அதே ஏழெட்டுதான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. எந்தக் கோளாறு வந்தாலும் பையன்கள் நேராக மெஷின் மேல்தான் சந்தேகப்படுவார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் தப்பு கார்பனில் இருக்கும். அடுத்தது குழாயும் கேஸும். மெஷினைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். கீழே எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

எங்கள் அமைப்பு இதுதான்: 800 வாட், 2.45 கிகாஹெர்ட்ஸ் அடுப்பு. நடுவில் குவார்ட்ஸ் குழாய், அதில் 150 முதல் 200 கிராம் கார்பன். கீழிருந்து நைட்ரஜன் ஏறும். மேலே வெளியேறும் புகை கண்டென்சர் வழியாக ஒரு காலி பாட்டில், அடுத்து காஸ்டிக் சோடா பாட்டில், அங்கிருந்து ஃபியூம் ஹூட் (புகையை வெளியே இழுக்கும் கூண்டு). இது இல்லாமல், வீட்டுச் சமையலறையில் சாதாரண அடுப்புக்குள் கிண்ணத்தில் கார்பனைப் போட்டுச் சூடேற்ற வேண்டாம். காற்று இருக்கும் இடத்தில் கார்பன் கங்காகும், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வீடு முழுக்கப் பரவும்.

## ஆரம்பிக்கும் முன்னே நிறுத்த வேண்டிய கார்பன்

எங்கிருந்து வந்தது என்று தெரியாத கார்பன், பாதரசம் பிடித்த கார்பன், குளோரின் கலந்த சால்வென்ட் குடித்த கார்பன் - இவற்றை வைக்கவே வேண்டாம். பாதரசம் ஆவியாகி வெளியே வரும். குளோரின் சேர்மங்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையாகும், அதைவிட மோசமான டையாக்சின்களும் உருவாகலாம். பல தொழில்களில் கழிக்கப்படும் கார்பன், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. அதனால் ஆலையிலிருந்து மூட்டை வரும்போதே அதில் என்ன பிடித்திருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லாத மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

## கார்பன் 100 டிகிரியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது

ஈரம். பத்தில் எட்டு தடவை இதுதான். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும், ஆனால் துளைக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராமில் பாதி தண்ணீர் என்றால், அந்த 100 கிராமை ஆவியாக்கவே சுமார் 260 கிலோஜூல் வேண்டும். 600 வாட் முழுதாகப் போய்ச் சேர்ந்தாலும் ஏழு நிமிடம் தண்ணீருக்கே செலவு. எடை போடுங்கள், 105 டிகிரியில் மூன்று மணி நேரம் ஹாட் ஏர் அவனில் வையுங்கள், மறுபடி எடை போடுங்கள். எடை மாறாமல் நிற்கும்வரை அது ஈரக் கார்பன்தான். (சால்வென்ட் வாடை அடிக்கும் கார்பனை ஹாட் ஏர் அவனில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.)

குழாய் நிற்கும் இடம். அடுப்புக்குள் எல்லா இடத்திலும் ஒரே சூடு கிடையாது. ஏறக்குறைய 6 சென்டிமீட்டருக்கு ஒரு தரம் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும். இதைப் பார்க்க அப்பளத்தைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. குழாயைக் கழற்றி எடுத்து, சுழலும் தட்டையும் எடுத்துவிட்டு, ஒரு அட்டையின் மேல் உளுந்து அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி, 20 விநாடி ஓட்டுங்கள். சில இடங்களில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், பக்கத்திலேயே பச்சையாகக் கிடக்கும். அட்டையைக் குழாயின் நடு உயரத்துக்கு உயர்த்தி வைத்து இன்னொரு தடவை பாருங்கள், படம் மாறும். கார்பன் இருக்கும் மட்டத்தில் எங்கே பொரிகிறதோ, குழாய் அங்கே நிற்க வேண்டும்.

பவர். பிளாஸ்டிக் பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீர். கலக்கி வெப்பநிலை குறித்துக்கொண்டு, முழு பவரில் சரியாக 1 நிமிடம் ஓட்டி, மறுபடி கலக்கிக் குறியுங்கள். வித்தியாசத்தை 70ஆல் பெருக்கினால் வாட். 10 டிகிரி ஏறியிருந்தால் 700 வாட், 800 வாட் அடுப்புக்கு அது போதும். 7 டிகிரிதான் ஏறுகிறது என்றால் முதலில் மின்சார வோல்டேஜைப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் சாயங்காலம் 200க்குக் கீழே இறங்கும், அப்போது எந்த ஓட்டமும் உருப்படாது. வோல்டேஜ் சரியாக இருந்தும் வாட் குறைகிறது என்றால் மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னெட்ரான் தளர்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

## உள்ளே பொறி பறக்கிறது

பொறி என்றதும் பயந்து அணைத்துவிட வேண்டாம், பார்த்துக்கொண்டே விட்டுவிடவும் வேண்டாம். எங்கே பறக்கிறது என்று பாருங்கள்.

கார்பன் படுகைக்குள், மணிகளுக்கு நடுவே, இங்கொன்றும் அங்கொன்றுமாக மினுக்கினால் அது கார்பனின் இயல்பு. மணிக்கும் மணிக்கும் இடையில் மின்னூட்டம் தாவுகிறது. நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கும்வரை இதனால் கெடுதல் இல்லை. நைட்ரஜன் இல்லாமல், உள்ளே காற்றும் எரியக்கூடிய ஆவியும் இருக்கும்போது இதே பொறி வெடிவிபத்து. அதனால்தான் பவர் போடும் முன் குறைந்தது பத்து நிமிடம் நைட்ரஜனை ஓடவிடச் சொல்கிறேன்.

ஒரே புள்ளியில், 'ஸ்ர்ர்' என்ற சத்தத்தோடு விடாமல் எரிந்தால் உடனே அணையுங்கள். காரணங்கள் இந்த வரிசையில்:

படுகையில் இரும்பு. ஃபில்டர் தொட்டியின் வலைக்கம்பி, துரு, ஆணித்துண்டு எல்லாம் கார்பனோடு வரும். வெள்ளைத் தாளில் பரப்பி ஒரு வலுவான காந்தத்தை மேலே இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் தடவை காந்தத்தில் ஒட்டியதைக் காட்டும்போது மாணவர்கள் நம்பவே மாட்டார்கள்.

தூள். 12×40 மெஷ் கார்பன் (12 மெஷ் சல்லடையில் இறங்கி, 40 மெஷ் சல்லடையில் தங்கும் மணி) என்றால் 40 மெஷுக்குக் கீழே போகும் தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள். அது நைட்ரஜனோடு பறந்து குழாய்ச் சுவரில் ஒட்டி, ஒட்டிய இடத்தில் எரியும்.

மைக்கா தகடு. அடுப்பின் பக்கச்சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். கார்பன் தூளோ தாரோ படிந்தால் அதில் கருப்புப் புள்ளி விழும், அந்தப் புள்ளியிலேயே மறுபடி மறுபடி பற்றும். ஈரத்துணியால் துடைத்துப் போகவில்லை என்றால் தகட்டை மாற்றுங்கள். கடையில் ஷீட்டாகக் கிடைக்கும், கத்தரிக்கோலால் வெட்டலாம்.

தெர்மோகப்பிள், அதாவது வெப்பநிலை அளக்கும் கம்பி. உறையில்லாத, அடுப்புச் சுவரோடு எர்த் ஆகாத கம்பி ஆன்டெனா மாதிரி வேலை செய்யும்.

அடுப்பின் உள்சுவரில் பெயின்ட் உரிந்து உலோகம் ஓட்டையாகும் அளவுக்கு எரிந்திருந்தால் அந்த அடுப்பை ஓட்டாதீர்கள். அதற்கு வேறு வைத்தியம் இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

## மீட்டர் காட்டும் வெப்பநிலை நம்பும்படியாக இல்லை

கார்பன் செக்கச்செவேலென்று கனல்கிறது, மீட்டர் 380 காட்டுகிறது. கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் குழாய்க்கு வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். அந்தத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் அலையைப் பார்ப்பவை, குவார்ட்ஸ் அந்த அலையை உள்ளே விடாது. நீங்கள் அளந்தது கண்ணாடிச் சுவரை. கண்ணுக்குச் சிவப்பு தெரிந்தாலே கார்பன் 600 டிகிரியை ஒட்டிவிட்டது. குறைந்த அலைநீளப் பைரோமீட்டர் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மேல்வாயில் ஒரு பக்கம் மூடிய குவார்ட்ஸ் உறையை நிரந்தரமாக இறக்கி வைத்து, பவரை அணைத்த கையோடு தெர்மோகப்பிளை அந்த உறைக்குள் விட்டுப் பாருங்கள்.

பவர் போட்டதும் குதிக்கிறது, அணைத்ததும் விழுகிறது. அணைத்த ஒரு விநாடிக்குள் 80, 100 டிகிரி விழுந்தால் அது வெப்பம் இல்லை, கம்பியில் ஏறிய மைக்ரோவேவ். கார்பன் அவ்வளவு வேகமாக ஆறாது. தெர்மோகப்பிளின் உலோக உறையை எர்த் செய்யுங்கள். அதுவரை அணைத்த மூன்றாவது விநாடியில் காட்டும் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

## சூடு திடீரென எகிறுகிறது, குழாய் விரிசல் விடுகிறது

கார்பன் சூடாக ஆக மைக்ரோவேவை இன்னும் அதிகமாக இழுக்கும். அதனால் 400 வரை தயங்கித் தயங்கி ஏறியது அடுத்த ஒரு நிமிடத்தில் 800ஐத் தொட்டுவிடும்.

பவர் பட்டனைக் குறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். சாதாரண அடுப்பில் 30 சதவீதம் என்றால் பவர் குறைவதில்லை. முழு பவரில் கொஞ்ச நேரம் ஓடும், மீதி நேரம் சும்மா நிற்கும். அந்த ஓடும் நேரத்திலேயே எகிறிவிடும். பவரையே நிஜமாகக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகை அடுப்பு இருந்தால் இந்த வேலைக்கு அதுதான் நல்லது. இல்லையென்றால் கார்பனின் அளவை மாற்றிப் பாருங்கள், பக்கத்தில் ஒரு சின்ன பீக்கரில் தண்ணீர் வையுங்கள். கொஞ்சம் பவரை அது வாங்கிக்கொள்ளும்.

படுகை தடிமனாக இருந்தாலும் தொந்தரவுதான். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை கார்பனுக்குள் சில சென்டிமீட்டர்தான் போகும். அகலக் குழாயில் ஓரம் கனலும், நடு பச்சையாக இருக்கும். எங்கள் குழாய் 4 சென்டிமீட்டர், அதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

விரிசலுக்கு இன்னொரு காரணம் குழாயே குவார்ட்ஸ் இல்லாமல் இருப்பது. போரோசிலிகேட் 820 டிகிரியில் தொய்ந்துவிடும், அதற்கு ரொம்ப முன்னாலேயே விரிசல் விடும். நிஜ குவார்ட்ஸாக இருந்தும் பால் மாதிரி வெளுத்துச் செதில் விடுகிறது என்றால் கைரேகையைச் சந்தேகப்படுங்கள். விரல் வேர்வையின் உப்பு அதிக சூட்டில் குவார்ட்ஸைக் கெடுக்கும். ஆல்கஹாலால் துடைத்து, அது உலர்ந்தபின், கையுறையோடு மாட்டுங்கள்.

## வெளியே எடுத்தால் சாம்பல் பூத்திருக்கிறது, எடை ரொம்பக் குறைகிறது

உலர்ந்த எடையோடு ஒப்பிடுங்கள், ஈர எடையோடு இல்லை. பிடித்திருந்த அழுக்கு போவதால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பெரிய உலைகளில் ஒவ்வொரு சுற்றிலும் 5 முதல் 15 சதவீதம் கார்பனே போய்விடுகிறது, நம் அமைப்பில் அந்த மேல் எல்லையைத் தொட்டால் எங்கோ காற்று நுழைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல மணி கருப்பாக, முனை கூர்மையாக இருக்கும். காற்று பட்ட மணி முனை மழுங்கி, ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு விட்டிருக்கும். அடியிலுள்ள மணிகள் மட்டும் அப்படி என்றால் நைட்ரஜன் வரும் பக்கத்து மூட்டில் ஓட்டை. மேல் மணிகள் என்றால் மேல் கார்க், அல்லது பாட்டிலிலிருந்து காற்று பின்னோக்கி இழுத்திருக்கிறது. குளிர்ந்த நிலையில் நைட்ரஜனைத் திறந்து ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓட்டை இல்லை, ஆனாலும் சாம்பல் என்றால் சீக்கிரம் திறந்திருக்கிறீர்கள். 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை நைட்ரஜன் ஓட வேண்டும், எங்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கையில் பிடிக்கும் சூடுதானே என்று கார்பனை பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி மூடிவிட்டுப் போனேன். காலையில் டப்பாவின் அடி உருகி மேஜையோடு ஒட்டியிருந்தது. புதிதாகச் சூடேறிய கார்பன் காற்றை உறிஞ்சும்போதே சூடாகும், உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் அதுவே போதும். அன்றிலிருந்து இரும்பு டப்பாதான், இரவு முழுக்க ஃபியூம் ஹூட்டில்தான்.

## எல்லாம் சரியாக ஓடியும் அயோடின் எண் ஏறவில்லை

அயோடின் எண் என்பது ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்ற அளவு. அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இதுதான், அவசரப்பட்டு வெப்பநிலையை ஏற்றிக் கார்பனைக் கெடுப்பதும் இங்கேதான்.

முதலில் சோதனையைச் சோதியுங்கள். மிச்ச அயோடினை அளக்கும் தயோசல்ஃபேட் கரைசல் பழையதாக இருப்பது, உலராத மாதிரி, சரியாக அரைக்காத மாதிரி - மூன்றுமே எண்ணைக் குறைக்கும். ஒவ்வொரு தடவையும் புதுக் கார்பனையும் கூடவே செய்யுங்கள். நல்ல புதுத் தொட்டிக் கார்பனுக்கு கிராமுக்கு 900 முதல் 1100 மில்லிகிராம் வரும். அதுவே 700 என்று வந்தால் தப்பு உங்கள் பாட்டிலில் இருக்கிறது, அடுப்பில் இல்லை. முறை தெரியாவிட்டால் ஐ.எஸ். 877 என்ற இந்தியத் தர நிர்ணயத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

அடுத்து அடர்த்தி. செலவே இல்லாத சோதனை, ஆனாலும் யாரும் செய்வதில்லை. 100 மில்லி அளவு ஜாடியில் உலர்ந்த கார்பனை மெதுவாக, இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, விழவிட்டு நிரப்பி எடை போடுங்கள். புதுக் கார்பன் 50 கிராம் இருந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

*56, 58 கிராம் வருகிறது.* உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது. அது கரிந்த சாயமா, சுண்ணாம்பா என்று பிரிக்க வேண்டும். கொஞ்சம் மாதிரியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. நம் பக்கத்து போர் தண்ணீரில் கழுவிய கார்பனில் இது சகஜம். அமிலம் மஞ்சளாக மாறினால் இரும்பு. சந்தேகம் இருந்தால் மஃபிள் ஃபர்னஸில் 650 டிகிரியில் முழுக்க எரித்துச் சாம்பலை எடை போடுங்கள், நல்ல தொட்டிக் கார்பனில் சாம்பல் பொதுவாக 5 சதவீதத்துக்குள்தான் இருக்கும்.

சுண்ணாம்போ இரும்போ இருந்தால் 5 சதவீத அமிலத்தில் ஒரு இரவு, ஃபியூம் ஹூட்டுக்குள், ஊறவைத்து, கழுவும் தண்ணீர் பி.எச். காகிதத்தில் நடுநிலை காட்டும்வரை அலசுங்கள். இதைச் சூடேற்றும் முன்பே செய்ய வேண்டும். கால்சியம் உள்ளே இருக்கும்போது சூடேற்றினால் அது கார்பன் எரிவதைத் தூண்டிவிட்டு, சின்னத் துளைகளைப் பெரிய ஓட்டைகளாக்கிவிடும். அலசாமல் சூடேற்றினால் மிச்ச அமிலம் அடுப்பின் சுவரை அரிக்கும்.

நுரை வரவில்லை, சாம்பலும் குறைவு என்றால் சாயம் துளைக்குள்ளேயே கரிந்து அடைத்திருக்கிறது. நைட்ரஜனில் எத்தனை தடவை ஓட்டினாலும் அது போகாது. 800 டிகிரிக்கு வந்தபின் நைட்ரஜனுக்குப் பதில் கார்பன் டையாக்சைடை ஐந்து நிமிடம் மட்டும் விட்டு, மறுபடி நைட்ரஜனுக்கு மாறி ஆறவிடுங்கள். எண்ணைப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம். ஒரேயடியாக அரை மணி நேரம் விடாதீர்கள், அடைப்போடு சேர்ந்து துளைச் சுவரும் போய்விடும். இந்தக் கட்டத்தில் வெளியே வருவது கார்பன் மோனாக்சைடு. அலாரம் இல்லாமல் செய்யவே கூடாது.

*44, 45 கிராம் வருகிறது, மணி விரலால் நசுக்கினாலே பொடியாகிறது.* ஏற்கெனவே எரித்துவிட்டீர்கள். துளைச் சுவர்கள் போய்விட்டன, திரும்ப வராது. தூக்கிப் போடும் முன், மெத்திலீன் புளூ என்ற சாயத்தை எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு சோதனை செய்யுங்கள். துளை பெரிதானதால் அயோடின் எண் விழுந்திருக்கும், ஆனால் சாய மூலக்கூறு பெரியது, அதைப் பிடிக்கும் திறன் இன்னும் இருக்கலாம். அப்படி இருந்தால் நிறம் எடுக்கும் முதல் தொட்டிக்கு அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. குடிநீருக்கு வேண்டாம்.

*50க்குப் பக்கத்தில் வருகிறது, எண் மட்டும் குறைவு.* துளைகளின் பரப்பளவைத் துல்லியமாக அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இதற்கு மேல் யூகித்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

## பாட்டிலில் குமிழ் நின்றுவிட்டது, அல்லது நெடி அடிக்கிறது

குமிழ் நின்றால் பவரை அணையுங்கள், நைட்ரஜனை அடைக்காதீர்கள், குறையுங்கள். பெரும்பாலும் கண்டென்சர் வாயில் தார் உறைந்திருக்கும். குழாய்க்குள் அழுத்தம் ஏறி மேல் கார்க் பறப்பதற்கு முன் முகத்தைத் தள்ளி வையுங்கள். ஆறியபின் அசிட்டோனில் கழுவினால் போதும்.

மூக்கைக் குத்தும் புளித்த நெடி வந்தால் கார்பனில் குளோரின் சேர்மம் இருந்திருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தி, அந்த மூட்டையையே ஒதுக்கி வையுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள், வெளியே வந்தபின் யோசிக்கலாம்.

## அடுப்பு ஓடுகிறது, ஆனால் சூடே இல்லை, அல்லது செத்துப்போய்விட்டது

நீங்கள் பார்க்கக்கூடியது: பிளக், கதவு சரியாகப் பூட்டுகிறதா, காற்றுத் துளைகளில் கார்பன் தூள் அடைத்திருக்கிறதா. தூள் அடைத்தால் சூட்டுக்கு ஸ்விட்ச் விழுந்துவிடும், ஒரு மணி நேரம் ஆறினால் தானே வரும். அவ்வளவுதான். மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் சார்ஜ் நிற்கும். கதவு நெளிந்திருந்தாலும், கீல் ஆடினாலும் அன்றோடு நிறுத்துங்கள்.

கசிவு மீட்டர் மாதம் ஒரு முறை. 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. கதவைச் சுற்றி மட்டும் பார்க்காமல், குழாய் வெளியே வரும் உலோகக் கழுத்திலும் பிடியுங்கள். வெறும் கழுத்து, விட்டத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம் இருந்தால் அலையை அடைத்துவிடும். அதன் வழியாக ஒரு தெர்மோகப்பிள் கம்பியை விட்டீர்களோ, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே அலை வெளியே வரும். கம்பியின் உறையைக் கழுத்தில் எர்த் செய்தபின் மறுபடி அளந்து பாருங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது இது சமையல் அடுப்பு இல்லை, மேலேயும் கீழேயும் துளை போட்டது, உள்ளே கார்பன் தூள் இருக்கும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். சரிசெய்து முடித்ததும், அவர் கிளம்பும் முன்பே, கழுத்து இரண்டையும் கசிவு மீட்டரால் அளந்துவிடுங்கள்.